டவர் கிடைக்காத ஏரிக்கரையில் குழுவாக வேலை செய்ய ஓர் ஆப்: வடிவமைப்பு வழிகாட்டி

ஒரு ஒன்றியத்தில் உள்ள ஏரிகளைக் கணக்கெடுக்க 12 தன்னார்வலர்கள் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டு பேராக ஆறு குழு, ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன். கரை எங்கே அரித்திருக்கிறது, மதகு திறக்கிறதா, உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் உடைந்திருக்கிறதா, வரத்துக் கால்வாயை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, பதிந்து, படமெடுத்து, மாலையில் எல்லாம் ஒரே பட்டியலாகச் சேர வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. எனவே இந்த வேலை எங்காவது ஓரிடத்தில் நடந்துகொண்டேதான் இருக்கும். இதற்கான ஆப்பை முதன்முறையாக வடிவமைக்கப் போகிறவருக்காக எழுதியது இது. மரக் கணக்கெடுப்புக்கும் வெள்ள நிவாரணப் பதிவுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

கூட்டு வேலைக்கான ஆப் என்றதும் சாட்டும், ஆட்கள் புள்ளிபுள்ளியாக நகரும் நேரலை வரைபடமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கரையில் நிற்பவருக்கு வேண்டியது அவ்வளவு இல்லை. எந்த ஏரி முடிந்தது? எது பாக்கி? நான் இப்போது பதிவதை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்துவிட்டார்களா? இந்த மூன்று கேள்விக்கும் சிக்னல் இல்லாத இடத்திலும் ஏறக்குறைய சரியான பதில் கிடைத்தால் போதும். கடினமானது மூன்றாவது கேள்விதான், அதனால் கீழே அதற்கே அதிக இடம்.

நிரல் எழுதும் முன் காகிதத்தில் ஒரு நாள்

ஒரு ஏரி, இரண்டு பேர், ஒரு அட்டை, அச்சடித்த படிவம். காலையில் போய் முழுக்கரையையும் நடந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். எந்தக் கேள்வியை எத்தனை முறை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனீர்கள் என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். மேசையில் உட்கார்ந்து எழுதிய படிவம் ஏரியின் பெயர், பரப்பு, ஆயக்கட்டு (ஏரிநீர் பாயும் நிலப்பரப்பு), மதகு, கலங்கல் என்று வரிசையாகப் போகும். கால் அப்படிப் போகாது. கரையேறிய இடத்தில் முதலில் கண்ணில் படுவது கலங்கலாக இருக்கலாம், ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த பெரியவர் கடைசியில்தான் எதிர்ப்படுவார். ஆகவே ‘அடுத்து, அடுத்து’ என்று பக்கம் பக்கமாகத் தள்ளும் படிவம் இங்கே உதவாது. ஏரியைத் திறந்தால் அதன் உறுப்புகள் பட்டியலாகத் தெரிய வேண்டும், எதை வேண்டுமானாலும் முதலில் தொட்டு நிரப்ப முடிய வேண்டும்.

சொந்தமாக எழுதத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். களத்தில் படிவம் நிரப்பவே உருவானவை 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே, அதே வழியில் வந்த கோபோ டூல்பாக்ஸ். இரண்டுமே சிக்னல் இல்லாமல் வேலை செய்யும். எக்செல் தாளிலேயே படிவத்தை எழுதிவிடலாம். வரைபடத்தில் கோடும் பரப்பும் வரைவதுதான் முக்கிய வேலை என்றால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் கோப்பைப் போனில் திறக்கும் க்யூஃபீல்டு இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்து மாலையில் அனுப்பினால் போதும் என்ற வேலைக்கு இவற்றைத் தாண்டிப் போவது வீண்செலவு.

ஒரே பொருளைப் பல பேர் பல நாளில் தொட்டுத் திருத்த வேண்டும், ஒருவர் காலையில் பதிந்தது மற்றவருக்கு மதியமே தெரிய வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது. ஓடிகேயில் ‘என்டிட்டி’ என்ற வசதி இதில் ஒரு பகுதியைச் செய்கிறது. அதை ஒரு வாரம் முயன்று பார்த்து, எங்கே போதவில்லை என்று எழுதிவைத்துக்கொண்ட பிறகு சொந்த ஆப்பைத் தொடங்குங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் வேலைப் பட்டியல்.

பொருள் வேறு, பார்த்தது வேறு

தரவுத்தளத்தை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்:

1. ஏரி.
2. உறுப்பு: மதகு, கலங்கல், கரையின் ஒரு பகுதி, வரத்துக் கால்வாய்.
3. நோக்கல்: இன்ன உறுப்பை, இன்னார், இன்ன நேரத்தில், இன்ன நிலையில் கண்டார்.

மதகு என்பது பொருள். ‘காலை 9:40-க்கு ஷட்டர் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருந்தது’ என்பது நோக்கல். புதிதாக எழுதுபவர்கள் மதகு அட்டவணையிலேயே ‘நிலை’ என்று ஒரு கட்டம் வைத்துவிடுவார்கள். பிறகு வருபவர் அதைத் திருத்தினால் முந்தையது அழிந்துபோகும். நோக்கல்களை மேலும் மேலும் சேர்க்கலாம், அழிக்கவோ மேலெழுதவோ முடியாது என்று வைத்துவிட்டால் மோதல்களில் பெரும்பாலானவை பிறக்கவே பிறக்காது. இன்றைய நிலை என்ன என்று கேட்டால் கடைசி நோக்கலைக் காட்டினால் ஆயிற்று.

ஐடியைப் போனே உருவாக்க வேண்டும். சர்வரிடம் கேட்டு 1, 2, 3 என்று வாங்கும் முறை சிக்னல் இல்லாத இடத்தில் நடக்காது. போனே 1, 2, 3 போட்டால் 12 போனிலும் ஒரு 14 இருக்கும். யூயூஐடி எனும் நீளமான அடையாள எண்ணைப் பயன்படுத்துங்கள். நான்காம் பதிப்பில் 122 பிட் தற்செயல் எண், மோதும் என்று கவலைப்படத் தேவையில்லை. ஆனால் அதை யாரும் போனில் வாயால் படித்துச் சொல்ல முடியாது. அதனால் கூடவே ஒரு சுருக்கக் குறியும் கொடுங்கள்: குழுவுக்கு ஒரு எழுத்து, பின்னால் ஓர் எண். ஒரே குழுவில் இரண்டு போன் இருப்பதால் ஒன்றுக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை. ‘அ-15-ஐப் பாருங்க, படம் தலைகீழா இருக்கு’ என்று சொன்னால் புரிய வேண்டும்.

சேமிப்பு: கேமராவைத் திறப்பதற்கு முன்

‘சேமி’ என்ற பட்டனே வேண்டாம். ஒவ்வொரு தொடுகையும் உடனே போனில் உள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதப்பட வேண்டும்.

2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள போனில் அடிக்கடி நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். தன்னார்வலர் மதகு விவரங்களை எல்லாம் நிரப்புகிறார். ‘படம் எடு’ என்பதைத் தொடுகிறார். போனின் கேமரா ஆப் திறக்கிறது, அதற்கு நிறைய நினைவகம் வேண்டும். ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் உங்கள் ஆப்பை மூடிவிடுகிறது. படம் எடுத்துத் திரும்பினால் ஆப் புதிதாகத் தொடங்குகிறது, படிவம் காலி. படம் மட்டும் எங்கோ ஒரு கோப்பாக அநாதையாகக் கிடக்கிறது. உங்கள் கையில் உள்ள 8 ஜிபி போனில் இது ஒருமுறைகூட நடக்காது. அதனால்தான் பலர் இதைக் களத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தீர்வு எளிது. கேமராவைத் திறப்பதற்கு முன்பே வரைவை எழுதிவிடுங்கள். படம் எந்தப் பெயரில், எந்த இடத்தில் சேமிக்கப்படப் போகிறது என்பதையும் முன்கூட்டியே அந்த வரைவில் எழுதிவிடுங்கள். ஆப் மறுபடி தொடங்கும்போது அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒட்டிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஆப் ஏதாவது தகராறு செய்தால் நம் ஆட்கள் முதலில் செய்யும் வைத்தியம், அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. ஆப்பின் உள் சேமிப்பில் இருந்த அனுப்பாத பதிவு அத்தனையும் அதோடு போய்விடும். ஒவ்வொரு 10 பதிவுக்கும் ஒருமுறை போனின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஒரு நகல் கோப்பு தானாக எழுதப்படட்டும். பயிற்சி நாளில் இதைத் தனியாக, இரண்டு முறை சொல்லுங்கள்.

அனுப்புதல்

வெளியே போக வேண்டியவை ஒரு வரிசையில் நிற்கட்டும். எழுத்துப் பதிவுகள் முதலில், படங்கள் அப்புறம். ஒரு பதிவு 2 கேபிகூட வராது, ஆனால் ‘இந்த ஏரி முடிந்தது’ என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. படத்துக்காக அதைக் காக்கவைக்கக் கூடாது.

படக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு போனில் நாளைக்கு 40 பதிவு, பதிவுக்கு 3 படம் என்றால் 120 படம். கேமரா தருவதை அப்படியே அனுப்பினால், படம் 4 எம்பி என்று வைத்தாலும் 480 எம்பி. வினாடிக்கு 100 கிலோபிட் ஓடும் இணைப்பில் அதற்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீளப்பக்கத்தை 1,600 பிக்சலாகக் குறைத்து, ஜேபெக் தரத்தை 75 அளவில் வைத்தால் படம் 350 கேபி அளவுக்கு வரும். மொத்தம் 42 எம்பி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். மதகின் விரிசல் அதிலேயே தெரியும். சுருக்கும்போது எக்ஸிஃப் தகவல் (கோணம், இடம், நேரம் என்று படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைப்பது) தொலைந்துவிடக் கூடும் என்பதை மறக்காதீர்கள். படம் பக்கவாட்டில் சாய்ந்து வருவது அதனால்தான். திருப்பவேண்டிய கோணத்தைச் சுருக்குவதற்கு முன்பே செயல்படுத்துங்கள். இடமும் நேரமும் பதிவிலேயே இருக்கட்டும், படத்துக்குள் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சர்வர் பக்கம் ஒரு விதி உண்டு, அதை விட்டால் எல்லாம் கெடும். போன் பதிவை அனுப்புகிறது, சர்வர் வாங்கி எழுதியும்விடுகிறது, ஆனால் ‘வந்துவிட்டது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. போனுக்குத் தெரியாது, மறுபடி அனுப்பும். அதே யூயூஐடி வந்தால் சர்வர் பிழை சொல்லக் கூடாது, இன்னொரு வரியும் சேர்க்கக் கூடாது. ‘ஏற்கெனவே இருக்கிறது, சரி’ என்று வெற்றிப் பதிலே தர வேண்டும். ஒரே கலங்கல் மூன்று முறை பட்டியலில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

தோற்றால் 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், இடைவெளி 30 நிமிடத்துக்கு மேல் ஏற வேண்டாம். ஒவ்வொரு இடைவெளியிலும் சில வினாடிகளைத் தற்செயலாகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மாலை ஐந்தரைக்குச் சாலைக்கு வந்ததும் 12 போனும் ஒன்றாகத் தட்டும். பின்னணி வேலையை ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜரிடம் விடலாம். ஆனால் மீண்டும் மீண்டும் நடக்கும் வேலைக்கு அது தரும் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், போன் தூங்கினால் இன்னும் தள்ளிப்போகும். சில நிறுவனங்களின் பேட்டரி சேமிப்பு முறை அதையும் கொன்றுவிடும். எனவே முகப்பிலேயே பெரிதாக ‘அனுப்பாதவை: 17’ என்று ஓர் எண்ணும், பக்கத்தில் ‘இப்போது அனுப்பு’ பட்டனும் வேண்டும். அந்த எண் 0 ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது குழுவின் பழக்கமாகட்டும்.

ஒரே மதகு, இரண்டு பதிவு

ஒரு பெரிய ஏரி. கரை இரண்டு கிலோமீட்டர், ஐந்து மதகு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ‘அ’ குழு வடகோடியிலிருந்தும் ‘ஆ’ குழு தென்கோடியிலிருந்தும் நடக்கிறது. வடக்கிலிருந்து இரண்டாவதாக வரும் மதகை அ குழு ‘மதகு 2’ என்று பதிகிறது. தெற்கிலிருந்து எண்ணும் ஆ குழுவுக்கு அதுவே ‘மதகு 4’. கொஞ்சம் உற்சாகமாக இரண்டு குழுவும் கூடுதலாக நடந்துவிட்டால் நடு மதகு இரண்டு முறை பதிவாகும். ஆனால் அது இரண்டு பட்டியலிலும் 3-ஆக இருப்பதால் பொருந்திவிட்டதாகத் தோன்றும், மற்றவை எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். மாலையில் சேர்த்துப் பார்ப்பவர் பெயரை வைத்து இணைத்தால் வடக்கு மதகின் விரிசல் தெற்கு மதகின் கணக்கில் ஏறும்.

முதலில், வரிசை எண்ணை அடையாளமாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எண் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் ஒரு மரபு வையுங்கள்: கரை மேல் தண்ணீரைப் பார்த்து நின்றால் இடமிருந்து வலம். எந்தக் கோடியில் தொடங்கினாலும் இது மாறாது. அந்த எண்ணையும் களத்தில் போடச் சொல்ல வேண்டாம், எல்லா மதகும் வந்து சேர்ந்த பிறகு ஆப்பே போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து, புதிய மதகு சேர்க்கும்போது அருகில் ஏற்கெனவே பதிந்த மதகு இருக்கிறதா என்று ஆப் தேட வேண்டும். எவ்வளவு அருகில்? இரண்டு போனுக்கும் தலா ஐந்து முதல் பத்து மீட்டர் பிழை, இரண்டு பேரும் நின்ற இடத்தின் வித்தியாசம் ஐந்து மீட்டர் என்று வைத்தால் 25 மீட்டர் சரியான வட்டம். பெரிய ஏரிகளில் இரண்டு மதகு அதைவிட நெருக்கமாக இருப்பது அரிது. வட்டத்துக்குள் ஒன்று இருந்தால் அதன் படத்தைப் பெரிதாகக் காட்டி ஒரே ஒரு கேள்வி: ‘இதே மதகா?’ கீழே ‘ஆம், இதுதான்’, ‘இல்லை, வேறு’, ‘தெரியவில்லை’ என்று மூன்று பட்டன். மூன்றாவது பட்டன் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தெரியாதவரும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார்.

மற்ற குழுவின் பதிவு இன்னும் இந்தப் போனுக்கு வரவில்லை என்றால் கேள்வியே எழாது, இரண்டும் தனித்தனியாகச் சர்வருக்குப் போய்ச் சேரும். அங்கே அதே 25 மீட்டர் சோதனையை ஓட்டி, ஒருங்கிணைப்பாளருக்கு ஜோடியாக, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தானாக இணைக்க வேண்டாம். இணைக்கும்போதும் ஒன்றை அழிக்காமல் ‘இது அதன் இன்னொரு பெயர்’ என்று ஓர் இணைப்பை மட்டும் எழுதுங்கள். தவறாக இணைத்தது தெரிந்தால் பிரிக்க முடிய வேண்டும், நிச்சயம் ஒருநாள் பிரிக்க வேண்டியிருக்கும்.

திருத்தங்களுக்கு வருவோம். ஏரியின் பெயர், பரப்பு போன்ற சில கட்டங்களை மாற்றித்தான் ஆக வேண்டும். ‘கடைசியாக எழுதியவர் வென்றார்’ என்ற எளிய விதி இங்கே இரண்டு காரணத்தால் சறுக்கும். முழுப் பதிவையும் மாற்றி எழுதினால், ஒருவர் பெயரைத் திருத்த, இன்னொருவர் பரப்பைத் திருத்த, ஒருவரின் திருத்தம் காணாமல் போகும். எனவே கட்டம் கட்டமாகத் திருத்தத்தை அனுப்புங்கள். வெவ்வேறு கட்டம் என்றால் இரண்டும் நிற்கும். ஒரே கட்டத்தில் இரண்டு மதிப்பு வந்தால் மட்டும் மனிதர் பார்க்கட்டும். மற்றொரு காரணம் கடிகாரம். கையால் நேரம் வைத்த போனில் நாளே மாறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் போனின் நேரம், அந்தப் போனுக்கே உரிய, ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் மூன்றையும் வையுங்கள். ஒத்திசைக்கும்போது போன் தன் இப்போதைய நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், சர்வர் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ஏரிக்கும் இதே இரட்டைப் பிரச்சினை உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இரண்டு பட்டியலையும் தொடக்கத்திலேயே ஏற்றினால் ‘பெரிய ஏரி’, ‘சித்தேரி’, ‘புது ஏரி’ என்ற பெயர்கள் ஒன்றியம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பெயரோடு ஊரையும் சேர்த்தே எப்போதும் காட்டுங்கள்.

ஜிபிஎஸ்

திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் சுமார் 5 மீட்டருக்குள் இடம் சொல்லும். கரையில் புளியமரமோ ஆலமரமோ கவிந்திருந்தால் மோசமாகும். ஆண்ட்ராய்டு தரும் துல்லிய எண்ணைப் பலர் எல்லைக்கோடு என்று நினைக்கிறார்கள். அது 68 சதவீத நிகழ்தகவு உள்ள வட்டத்தின் ஆரம். அதாவது ‘8 மீட்டர்’ என்று காட்டினால், மூன்றில் ஒரு முறை உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம்.

8 மீட்டரோ அதற்குக் குறைவோ வரும்வரை காத்திருங்கள், 60 வினாடிக்கு மேல் வேண்டாம். அதுவரை கிடைத்ததில் சிறந்ததை எடுத்துக்கொண்டு, துல்லியத்தையும் கூடவே பதியுங்கள். ‘துல்லியம் கிடைக்கும்வரை விடமாட்டேன்’ என்று ஆப் அடம்பிடித்தால், ஆள் மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு நடந்துபோய் அங்கிருந்து பதிவார். எண் அழகாக வரும், இடம் தப்பாகும்.

நெட் இல்லாதபோது முதல் இடம் கிடைக்கத் தாமதமாவது இயல்பு. ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதைத் தகவலும் 30 வினாடிக்கு ஒருமுறைதான் ஒலிபரப்பாகிறது, மொத்தப் பட்டியலும் முழுதாக வர பன்னிரண்டரை நிமிடம். நெட் இருந்தால் போன் இதை வேறு வழியில் வாங்கிக்கொள்ளும். கிளம்பும் முன் டீக்கடையிலேயே ஆப்பைத் திறந்து வானம் தெரிய வைத்தால் கரையில் காத்திருப்பு குறையும். எண்ணை ஆறு தசம இடம் வரை சேமியுங்கள். ஐந்தாவது இடமே சுமார் 1.1 மீட்டர், ஆறுக்கு மேல் போவது பெருமைக்குத்தான். வரைபடத்தில் புள்ளியை நகர்த்தித் திருத்தும் வசதி கொடுத்தால், ஜிபிஎஸ் சொன்னதை அழிக்காமல் இரண்டையும் வைத்திருங்கள்.

வரைபடப் பின்னணி கையோடு வர வேண்டும். 10-க்கு 10 கிலோமீட்டர் பகுதிக்கு 16-ஆம் பெரிதாக்க நிலையில் சுமார் 290 ஓடுகள் (வரைபடத்தின் சதுரத் துண்டுப் படங்கள்), ஒவ்வொரு நிலை ஏறவும் நான்கு மடங்கு: 17-ல் 1,150-க்குக் கொஞ்சம் மேல், 18-ல் 4,600. ஓட்டுக்கு 20 கேபி என்றால் மூன்றும் சேர்ந்து 120 எம்பி. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் பொதுச் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்குவதை அவர்கள் அனுமதிப்பதில்லை, அதனால் தரவை எடுத்து நீங்களே, ஓடுகளை ஒன்றாக அடக்கும் எம்பிடைல்ஸ் கோப்பாகத் தயாரித்துப் புறப்படும் முன் வைஃபையில் ஏற்றுங்கள்.

திரை, சொல், எழுத்து

மதிய வெயிலில் சாம்பல் நிற எழுத்து எதுவும் தெரியாது. வெள்ளையில் கருப்பு, மாறுபாடு 7-க்கு 1-க்குக் குறையாமல். பட்டன் உயரம் 64 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அலகு), அதாவது ஒரு சென்டிமீட்டர். ஒரு கையில் போன், மறு கையில் அளவு நாடா இருக்கும், கட்டைவிரல் எட்டும் திரையின் கீழ்ப்பாதியில் முக்கியமானவற்றை வையுங்கள்.

ஆங்கிலத்தில் வடிவமைத்துப் பிறகு தமிழை ஊற்றினால் ‘ஆக்கிரமிப்பு’ ‘ஆக்கிர...’ என்று நிற்கும். தொடக்கத்திலிருந்தே தமிழ்ச் சொல்லை வைத்தே திரையை வரையுங்கள், பட்டனில் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள், வரி உயரத்தை எழுத்தளவில் ஒன்றரை மடங்காக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும்.

வட மாவட்டத்தில் ஏரி, மதகு, கலங்கல். மதுரைப் பக்கம் கண்மாய், மடை, கலுங்கு. ‘கலங்கல்’ என்று மட்டும் போட்டால் தெற்கத்தித் தன்னார்வலர் அதைத் தாண்டிப் போய் ‘மற்றவை’யில் கலுங்கு என்று தட்டுவார். உள்ளே ஒரே குறியீடு, திரையில் அந்தந்த வட்டாரச் சொல், இப்படிப் பிரித்துவிடுங்கள். அளவும் அப்படியே. அடியா மீட்டரா, ஏக்கரா சென்ட்டா என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் சொன்ன எண்ணையும் அலகையும் மாற்றாமல் வைத்து, மீட்டராக்குவதைச் சர்வரில் செய்யுங்கள்.

தேடலில் ஒரு பொறி இருக்கிறது. ‘கொளத்தூர்’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒரு விசைப்பலகை க-வும் ஒற்றை ஒகரக் குறியுமாக எழுதும், இன்னொன்று க, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. அதனால் ஒருவர் பதிந்த ஊர் இன்னொருவரின் தேடலில் வராது, புதிதாகச் சேர்ப்பார், மறுபடி இரட்டைப் பதிவு. எழுதும்போதும் தேடும்போதும் இந்த இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ‘ஔ’வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் அடித்தால் மட்டும் அந்த முறையாலும் சரிசெய்ய முடியாது, அதற்குத் தேடலில் தனி விதி எழுத வேண்டும். ஆள் பெயருக்கு ஒரே கட்டம் போதும், ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டாவது கட்டம் வைத்தால் சிலர் அப்பா பெயரையும் சிலர் ஊர்ப் பெயரையும் நிரப்புவார்கள்.

யார் எங்கே போகிறார்கள்

ஏரியைத் திறந்ததும் ‘நாங்கள் போகிறோம்’ என்று ஒரு பட்டன். தொட்டால் மற்றவர் பட்டியலில் அந்த ஏரி நிறம் மாறும். இதற்கு ஆயுள் ஆறு மணி நேரம் மட்டும். வண்டி பஞ்சரானவர்கள் விடுவிக்க மறந்துபோவார்கள், அந்த ஏரி வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும். இது பூட்டாக இல்லாமல் எச்சரிக்கையாக இருக்கட்டும், அடுத்தவர் வந்து நின்றால் பதிய விடுங்கள்.

பழைய தகவலைப் புதியது போலக் காட்டாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் ‘3 மணி நேரத்துக்கு முந்தைய நிலை’ என்று எழுதுங்கள். இரண்டு குழு வழியில் சந்தித்தால் நெட் இல்லாமலே பரிமாறிக்கொள்ள க்யூஆர் குறி போதும். முடிந்த ஏரிகளின் சுருக்கக் குறிகள் சில நூறு பைட்தான், ஒருவர் காட்ட மற்றவர் கேமராவில் படித்துக்கொள்ளலாம். சாட் எழுத வேண்டாம். வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. பதிவின் குறியையும் படத்தையும் அங்கே பகிர ஒரு பட்டன் கொடுத்தால் போதும். ஆட்களின் இருப்பிடத்தைத் தொடர்ந்து பின்தொடர்வதும் வேண்டாம், பேட்டரியைத் தின்பதோடு வேண்டாத வேவுமாகிவிடும்.

ஆக்கிரமிப்புப் பதிவில் கண்டதை மட்டும் கேளுங்கள்: வேலி, கட்டடம், பயிர். யாருடையது என்ற கட்டமே இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் காதில் விழுந்த பெயரைத் தன்னார்வலர் எழுதிவிட்டால் அவருக்கும் ஆபத்து, தவறாக இருந்தால் பெயருக்கு உரியவருக்கும் ஆபத்து. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட தகவலைத் தேவைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆதார் எண்ணுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

களத்துக்கு முன் உடைத்துப் பார்க்க

இருப்பதிலேயே மலிவான, பழைய போனை எடுத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்:

- ஏரோப்ளேன் மோடில் 30 பதிவு, பிறகு போனை அணைத்துப் போட்டு எண்ணுங்கள்.
- கேமரா திறந்திருக்கும்போது இன்னொரு போனிலிருந்து அழையுங்கள்.
- சேமிப்பிடத்தை வீடியோக்களால் நிரப்பிவிட்டுப் படமெடுங்கள். ஆப் தெளிவாகச் சொல்கிறதா, மௌனமாகக் காலிக் கோப்பை எழுதுகிறதா?
- தேதியை ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளிப் பதியுங்கள்.
- அனுப்பும் நடுவில் நெட்டைத் துண்டியுங்கள், பத்து முறை. சர்வரில் இரட்டை வந்ததா என்று பாருங்கள்.
- இருப்பிட அனுமதியை மறுத்துப் பாருங்கள்.

முதல் நாள் இரண்டு ஏரி, மூன்று போன் போதும். கணக்கெடுப்பு நடுவில் படிவத்தை மாற்ற வேண்டிவந்தால் புதிய கேள்வியைச் சேர்க்கலாம், பழைய விருப்பத்தின் குறியீட்டை நீக்கவோ வேறு பொருளுக்குப் பயன்படுத்தவோ கூடாது. பழைய பதிப்போடு ஒரு போன் இரண்டு நாள் கழித்து வந்து ஒத்திசைக்கும், சர்வர் அதையும் ஏற்க வேண்டும்.

கடைசியாக ஏற்றுமதி. ஒருங்கிணைப்பாளர் எக்செலில்தான் திறப்பார். சிஎஸ்வி கோப்பின் தொடக்கத்தில் ‘இது யூனிகோடு’ என்று காட்டும் பிஓஎம் எனும் மூன்று பைட் இல்லாவிட்டால் எக்செலில் தமிழ் கிறுக்கலாகத் தெரியும், ‘டேட்டா எல்லாம் போச்சு’ என்று இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும். அதைச் சேர்த்துவிட்டாலும் இன்னொன்று பாக்கி: சர்வே எண் 12/3 என்பதை எக்செல் மார்ச் 12 என்று மாற்றிவிடும், சேமித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. 112/3அ போன்றவை தப்பிக்கும், உட்பிரிவில் எழுத்து இல்லாத சின்ன எண்கள்தான் மாட்டும். சர்வே எண் உள்ள நெடுவரிசையை உரை வடிவமாகக் குறித்த எக்செல் கோப்பாகவே ஏற்றுமதி செய்யுங்கள், சிஎஸ்வியைக் கணினி படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.